நாடக வகுப்பை விட்டுவிடாதே

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நேற்று இரவு நீ போனில் அழுததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பேசித் தீரும் விஷயமாகத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஷபோ கல்லூரியில் படிப்பதை வெளியே சொல்லவே உனக்குக் கூச்சமாக இருக்கிறது. கூடப் படித்தவர்கள் பெர்க்லி, டேவிஸ் பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டார்கள். அப்பாவோ கம்ப்யூட்டர் வகுப்பு மட்டும் போதும், மேடை வகுப்பையும் 'எப்படிப் படிப்பது' வகுப்பையும் விட்டுவிடு என்கிறார். விடாதே கண்ணு. மூன்றையும் முடி.

கூச்சத்துக்கு ஒன்று சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் இப்படி 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. இங்கேயே குடியிருப்பவர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம்; மூன்று யூனிட் வகுப்பு 138 டாலரில் முடிந்துவிடும். உரிய பாடங்களில் 60 யூனிட் சேர்த்துவிட்டு மூன்றாம் வருஷத்துக்குப் பல்கலைக்கழகம் மாறினால், உன் தோழிகள் வாங்கும் அதே பட்டம்தான் உன் கைக்கும் வரும். நடிகர் டாம் ஹாங்க்ஸ் 1970களில் இதே ஷபோவில் படித்துவிட்டுத்தான் சாக்ரமெண்டோ ஸ்டேட்டுக்குப் போனார். 2015இல் நியூயார்க் டைம்ஸில் அதை நன்றியோடு எழுதினார். உனக்கு மட்டும் எதற்குக் கூச்சம்?

நான் 36 வயதில், உன் மாமாவுக்கு வேலை போன வருஷம், ஒரு சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். வேலை முடிந்து வர நேரம் சரியாக இருந்தது என்றுதான் மேடை விளக்கு வகுப்பை எடுத்தேன். நாடகத்துக்கு முந்தின வாரம் ஏணியில் ஏறி, விளக்கைக் குழாயில் மாட்டி, கிளாம்பை இறுக்கி, விழாமல் பிடிக்கும் கம்பியையும் கோத்துவிட்டு இறங்கினேன். விளக்கு எரியவில்லை. கேபிளை மாற்றினோம், பிளக்கை மாற்றினோம். கீழே இருபது பேர் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு மணி நேரம் போன பிறகுதான் தெரிந்தது, அந்த விளக்குக்கு 37 என்று கொடுக்கவேண்டிய எண்ணை நான் 73 என்று கொடுத்திருந்தேன்.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது டிஎம்எக்ஸ் 512. விளக்குகளோடு கட்டுப்பாட்டுப் பலகை பேசும் மொழி அது, 1986இல் வந்தது. ஒரு கேபிளில் 512 சேனல், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை மதிப்பு. ஏன் 255? உன் கம்ப்யூட்டர் வகுப்பில் சொல்லும் எட்டு பிட், ஒரு பைட், அதுதான் காரணம். புத்தகத்தில் எத்தனை முறை படித்தும் மண்டையில் ஏறாத பைட், 0இல் இருட்டாகவும் 255இல் கண் கூசும் வெளிச்சமாகவும் எதிரே நின்றபோது ஒரு நொடியில் ஏறிவிட்டது. அப்பா வேண்டாம் என்கிற வகுப்பும் வேண்டும் என்கிற வகுப்பும் அங்கே ஒன்றுதான்.

பன்னிரண்டு வருஷம் படித்தவளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பா என்று நீயே கேட்டாய். நம் வீட்டில் எல்லாரும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தவர்கள். பார்த்துப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். பரீட்சைத் தாளைப் பார்த்ததும் மறந்துபோகும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற ஆசிரியர் 1950களில் குறிப்பெடுக்கும் முறை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். தாளின் வலப்பக்கம் அகலமாக விட்டுக் குறிப்பு எழுது. இடப்பக்கக் குறுகிய இடத்தில் அதற்கான கேள்வியை எழுது. அடியில் சுருக்கம். பிறகு வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, கேள்வியை மட்டும் பார்த்துப் பதில் சொல். நடிகர்கள் வசனம் பாடம் பண்ணுவதும் இப்படித்தான். ஸ்கிரிப்டை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பார்கள், தடுக்கும் இடத்தில் மட்டும் திறப்பார்கள். உன் ஒத்திகையில் கவனித்துப் பார்.

ஆனால் கணக்கு தெரியாமல் இறங்காதே. ஒரு யூனிட் என்றால் செமஸ்டர் முழுக்கக் குறைந்தது 48 மணி நேர உழைப்பு. உன் ஒன்பது யூனிட்டுக்கு 432 மணி. 17 வாரத்தில் வாரத்துக்கு 25 மணிக்கு மேல் ஆகும். நீ வேலை பார்க்கும் பேக்கரியில் வாரம் 20 மணி நேரம் போதும், அதற்கு மேல் ஒத்துக்கொள்ளாதே. இன்னொன்று, எல்லா நாடக வகுப்பும் பொதுக்கல்விக் கணக்கில் சேராது. நாடக அறிமுகம், வரலாறு போன்றவை பொதுவாகச் சேரும். மேடை வேலைப் பட்டறை பெரும்பாலும் சேராது. நீ போக நினைக்கும் பல்கலைக்கழகம் எதை ஏற்கும் என்பது அசிஸ்ட் (ASSIST) இணையதளத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, இந்த வாரமே கவுன்சிலரிடம் நேரம் வாங்கி உட்கார்ந்து பேசு.

அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். நாடகம் என்றைக்கு என்று மட்டும் எனக்குச் சொல். அவரையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருகிறேன்.

அன்புடன்,
அத்தை