சம்பங்கிக் கிழங்கைக் காத்தலும் மீண்டும் பூக்கச் செய்தலும்

சென்ற வைகாசியில் மல்லாங்கிணற்றுப் பக்கம் கணக்குப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் சம்பங்கிக் கிழங்கு வாங்கக் கடன் கோரியிருந்த விண்ணப்பத்தைக் கண்டோம். மூன்றாண்டுகளுக்கு முன்னரும் அவர் இதே காரியத்திற்குக் கடன் பெற்றுத் தவணை தவறாமல் செலுத்தியவர். சம்பங்கியோ தானே பெருகும் பயிர். அப்படியிருக்க மறுபடியும் கிழங்குக்குக் கடன் எதற்கு என்று அறிய அவருடைய தோட்டத்திற்கே சென்றோம். மாட்டுக் கொட்டிலின் மூலையில் நான்கு சாக்கு மூட்டைகள் கிடந்தன. அவிழ்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அழுகல். "பெரிய கிழங்கையெல்லாம் விற்றுவிட்டேன் ஐயா, மிச்சத்தை விதைக்கென்று கட்டிவைத்தேன்" என்றார். அவர் செய்த பிழை இரண்டு. இரண்டையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

கிழங்கின் இயல்பு

சம்பங்கியின் தாயகம் மெக்ஸிகோ நாடு. அங்கே மழைக்காலம் ஒன்று, வறட்சிக்காலம் ஒன்று. மழையில் தழைத்துப் பூத்து, வறட்சியில் இலை உதிர்த்து, உணவைக் கிழங்கில் அடக்கி மண்ணுக்குள் உறங்குவது இச்செடியின் பிறவிக் குணம். குளிர்நாட்டார் உறைபனியில் கிழங்கு செத்துவிடும் என்று அஞ்சி, பனிக்கு முன் தோண்டியெடுத்து வீட்டுக்குள் உலரவைத்துக் காக்கின்றனர். நமது கரிசற் சீமையில் உறைபனி இல்லை. ஆயினும் கிழங்கிற்கு ஓய்வு வேண்டும். இங்கே அந்த ஓய்வைத் தருவது கோடை.

முக்கியமாக அறியவேண்டியது ஒன்றுண்டு. ஒருமுறை பூத்தண்டு விட்ட கிழங்கு மறுமுறை பூப்பதில்லை. அதன் பக்கங்களில் தோன்றும் குட்டிக் கிழங்குகளே பருத்து அடுத்தடுத்துப் பூக்கின்றன. ஆகவே "மீண்டும் பூக்கச் செய்தல்" என்பது பழைய கிழங்கை எழுப்புவதன்று. புதிய கிழங்கை வளர்ப்பதே. பூ அறுத்து முடிந்ததும் பச்சை இலைகளை அறுத்து மாட்டுக்குப் போடுவோர் அடுத்த பூவையே அறுத்துப் போடுகின்றனர். இலை ஆக்கும் உணவில்தான் குட்டி பருக்கிறது.

தோண்டும் முறை

நட்ட வயலை இரண்டு மூன்று ஆண்டுகள் மறுதாம்பாக விட்டுப் பூவெடுக்கலாம். அதன்மேல் தூர்கள் நெருங்கி, கிழங்கு சிறுத்து, பூத்தண்டும் குட்டையாகும். அப்போது தோண்டிப் பிரித்தே ஆகவேண்டும். பங்குனி, சித்திரையில் நீர்ப்பாய்ச்சலை நிறுத்துக. இலைகள் மஞ்சளித்துக் காய்ந்தபின், கிழங்கு காயப்படாமல் தூரோடு பெயர்த்து, மண்ணை உதறி, பழைய கிழங்கை நீக்கிக் குட்டிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழுவின் அடையாளம். அத்தூரின் கிழங்கை விதைக்கு எடுத்தலாகாது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சிருங்கார், சுவாசினி ஆகிய இரகங்கள் இப்புழுவைத் தாங்கும் தன்மையுடையவை.

தரம் பிரித்தல்

நெசவாள அன்பர்கள் 60-ஆம் நம்பர் நூலோடு 40-ஆம் நம்பர் நூலைக் கலந்து ஒரே பாவில் ஓட்டுவதில்லை. கிழங்கும் அவ்வாறே. 2 முதல் 3 சென்டிமீட்டர் குறுக்களவும் 25 முதல் 30 கிராம் எடையும் உள்ள கதிர் வடிவக் கிழங்கே விதைக்கு உரியது. 1.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தவை முதற் பருவத்தில் பெரும்பாலும் பூவா. அவற்றை எறியவேண்டாம், தனிப்பாத்தியில் நெருக்கி நட்டு ஓராண்டு வளர்த்தால் அடுத்த ஆண்டு விதையாகும். பெரியதை விற்றுச் சிறியதை நடுபவர் ஓராண்டுப் பூவை இழக்கிறார்.

ஓய்வும் சேமிப்பும்

தோண்டியவுடன் நட்டால் கிழங்கு சரிவர முளைப்பதில்லை. குறைந்தது 30 நாட்களாவது ஓய்வு தரவேண்டும். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் மூங்கிற் பரண்மேல் மெல்லிய அடுக்காகப் பரப்புக. சில நாட்களுக்கொருமுறை புரட்டி, மெத்தென்றானவற்றை உடனே அகற்றுக. சாக்கிலோ பிளாஸ்டிக் பையிலோ கட்டினால் கிழங்கு வெளியிடும் ஈரமே அதற்கு எமனாகும்.

நடவு

ஆனி, ஆடி நடவுக்கு ஏற்ற காலம். கரிசல் நீரைப் பிடித்து நிறுத்தும் மண்ணாதலின், ஐப்பசி மழையில் கிழங்கு அழுகாதிருக்க உயர்ந்த பார்கள் அமைத்து வடிகால் வெட்டவேண்டும். செம்மண் கலந்த தோட்டமுள்ளோர் அதையே தேர்க. 45-க்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில், முனை மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி நடுக. முளை தோன்றும் வரையில் ஈரம் காத்தாற் போதும், வெள்ளம் கட்டலாகாது. நட்ட மூன்று நான்கு மாதங்களில் பூத்தண்டு வெளிவரும். ஐயம் எழுமாயின், கோவிலாங்குளத்திலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தாரைக் கேட்டறியலாம்.

கணக்கு

மேற்சொன்ன இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 45,000 கிழங்குகள் வேண்டும். கிழங்கொன்று 25 கிராம் வீதம் 1,125 கிலோ. இதனை விலைகொடுத்து வாங்குவதற்கும் தன் பரணிலிருந்து எடுத்து நடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கத்தினர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

சங்கமும் இதில் ஒரு பணி செய்ய இடமுண்டு. பரணமைக்க இடமில்லாதோரின் கிழங்கைப் பொதுப் பரணில் தரம் பிரித்து வைத்து, பேரேட்டில் அவரவர் பெயரில் எடையோடு வரவு வைத்து, ஆனியில் திருப்பித் தரலாம். புதிதாகப் பயிரிடுவோர்க்குக் கிழங்காகவே கடன் தந்து கிழங்காகவே திரும்பப் பெறலாம். நிர்வாகக் குழுக்கள் இதனை ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம்.

மேற்குறித்த அங்கத்தினருக்கு நிர்வாகக் குழு கடனை அனுமதித்தது, அவர் நாணயமானவர். ஆயினும் அந்த மூட்டைகளில் அழுகிக் கிடந்தது, முன்னர் அவர் வட்டியும் முதலுமாகக் கட்டித் தீர்த்த கடனின் பலன். பூவை விற்கலாம், அது வருமானம். விதைக்கிழங்கு முதல், முதலைக் காத்தவனுக்கே மறு ஆண்டும் பூ.