ஒரே நிரலில் பல கைகள்: பைத்தானில் 'இழை'

மாமாக் கடையில் ஐந்து மேசைகள், ஒரே பணியாளர். முதல் மேசைக்காரர் ரொட்டி சானாய் கேட்கிறார். பணியாளர் அது வேகும்வரை கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று, கொண்டுவந்து வைத்த பிறகுதான் அடுத்த மேசைக்குப் போகிறார் என்றால் என்ன ஆகும்? ஐந்தாவது மேசைக்காரர் எழுந்து போய்விடுவார்.

நாம் முதன்முதலில் எழுதும் கணினி நிரல்களும் இந்தப் பணியாளரைப் போலத்தான். இணையத்திலிருந்து ஒரு படத்தை இறக்க 2 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து படங்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினால் 10 விநாடி. அதில் பெரும்பகுதி வெறும் காத்திருப்புதான்.

இதற்குத் தீர்வு 'த்ரெட்', தமிழில் 'இழை'. ஒரே நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை வரிசைதான் இழை. ஐந்து இழைகள் ஐந்து படங்களையும் ஒரே நேரத்தில் கேட்டால், இணைய வேகம் இடம் கொடுக்கும்வரை, ஏறக்குறைய 2 விநாடியில் வேலை முடியும்.

பைத்தான் மொழியில் இதற்கு 'த்ரெடிங்' என்ற தொகுதி உண்டு. படிகள் மூன்று:

1. புதிய இழையை உருவாக்கி, அது இயக்க வேண்டிய செயற்கூற்றின் பெயரை 'டார்கெட்' என்ற இடத்தில் கொடுக்க வேண்டும்.
2. 'ஸ்டார்ட்' என்று அழைத்தால் இழை ஓடத் தொடங்கும்.
3. 'ஜாயின்' என்று அழைத்தால், அந்த இழை முடியும்வரை நிரல் காத்திருக்கும்.

முதல் படியில் பலர் தவறுவது உண்டு. செயற்கூற்றின் பெயரை மட்டும் கொடுங்கள். பின்னால் அடைப்புக்குறி போடாதீர்கள். போட்டால் செயற்கூறு அங்கேயே, பழைய இழையிலேயே ஓடி முடிந்துவிடும். 'ஸ்டார்ட்' என்பதற்குப் பதிலாக 'ரன்' என்று அழைத்தாலும் இதே கதிதான். பிழைச் செய்தி வராமலே போகலாம், ஆனால் வேகமும் வராது.

இழைகளைக் கூட்டினால் எல்லா வேலையும் விரைவாகுமா? இல்லை. வழக்கமான பைத்தானில் ஒரு பொதுப் பூட்டு உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஓர் இழைதான் பைத்தான் கட்டளைகளை நிறைவேற்ற முடியும். பணியாளர்கள் பலர், ரொட்டிக் கல் ஒன்று என்பது போல. இணையத்துக்காகக் காத்திருக்கும் இழை பூட்டை விட்டுக்கொடுக்கும். அதனால் காத்திருக்கும் வேலைகளுக்கு இழை உதவும். பைத்தானிலேயே எழுதிய பெரும் கணக்குகளுக்கு உதவாது. 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13இல், இந்தப் பூட்டு இல்லாத வடிவமும் சோதனை முயற்சியாக வெளியானது.

இனி ஆபத்தைப் பார்ப்போம். ஒரு கணக்கில் 100 ரிங்கிட் இருக்கிறது. இரண்டு இழைகள் ஆளுக்கு 50 ரிங்கிட் சேர்க்க வருகின்றன. முதல் இழை '100' என்று படிக்கிறது. அது எழுதுவதற்குள் இரண்டாவது இழையும் '100' என்றே படித்துவிடுகிறது. இரண்டும் 150 என்று எழுதுகின்றன. இருக்க வேண்டியது 200. 50 ரிங்கிட் மாயம்!

இப்படிப்பட்ட பிழை உயிரையும் வாங்கியிருக்கிறது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 'தெராக்-25' என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் இறந்தனர். ஒரே நேரத்தில் ஓடிய மென்பொருள் பணிகள் ஒரே தகவலைப் பகிர்ந்துகொண்டதில் ஏற்பட்ட முரண்பாடு காரணங்களுள் ஒன்று. இயக்குநர் விரைவாகத் தட்டச்சு செய்தபோது மட்டுமே சில விபத்துகள் நேர்ந்ததால், பிழையைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது.

இதைத் தடுக்கும் கருவி 'லாக்', அதாவது பூட்டு. ஓர் இழை பூட்டை எடுத்துக்கொண்டு, படித்து, கூட்டி, எழுதி முடித்த பிறகே அடுத்த இழை உள்ளே வரலாம்.

செய்து பாருங்கள்: மேலே சொன்ன வங்கிக் கணக்கை நிரலாக எழுதுங்கள். தொகையைப் படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் 'ஸ்லீப்' கொண்டு 0.1 விநாடி நிறுத்துங்கள். இரண்டு இழைகளையும் தொடங்கிவிட்டு, இரண்டுக்கும் 'ஜாயின்' போட்டு, மீதித் தொகையை அச்சிடுங்கள். 150 வரும். அடுத்து, படிப்பது முதல் எழுதுவது வரை முழுவதையும் பூட்டுக்குள் வையுங்கள். 200 வருகிறதா? பூட்டை எழுதும் வரிக்கு மட்டும் போட்டால் என்ன வரும், ஏன் என்றும் யோசியுங்கள்.