காக்ஸ் பஜாருக்குக் கிளம்பும் மருமகளுக்கு



ஐ.நா. தொண்டராக உனக்கு வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் வேலை கிடைத்துவிட்டதாக உன் அப்பா போனில் சொன்னான். சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். “முஸ்லிம் நாடுக்கா, பொண்ணு தனியாப் போறா” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

சேவை செய்யப் போகிறோம் என்ற மிதப்பை மீனம்பாக்கத்திலேயே இறக்கி வைத்துவிடு. சேவையை நம்மைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவர்களின் நாட்டுக்குத்தான் போகிறாய். 1980-ல் அங்கே பிராக் என்ற தொண்டு அமைப்பின் பெண் ஊழியர்கள் ஊர் ஊராக நடந்து, குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாகாமலிருக்க உப்பு-வெல்லக் கரைசலைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர், அவ்வளவுதான். பத்து ஆண்டுகளில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஆனால் தொடக்கத்தில் தாய்மார்கள் பாடத்தை அழகாக ஒப்பித்தார்களே தவிர, பலர் குழந்தைக்குக் கலக்கிக் கொடுக்கவில்லை. வீட்டு ஆண்களை ஒதுக்கிவிட்டோம் என்பது பிறகுதான் புரிந்தது. ஆண் ஊழியர்கள் கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் கூட்டம் போட்டு விளக்கினார்கள், நிலைமை மாறியது.

ரோஹிங்யா அகதிகளின் குட்டுப்பலாங் முகாமில் சத்துணவு வேலை பார்க்கப்போகும் உனக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் தப்பி வந்தார்கள். பர்தாவுக்குள் இருக்கும் தாய் மையத்துக்கு வரவில்லை என்றால், உடனே மதத்தின் மேல் பழி போடாதே. மாமியாரிடம் பேசினோமா, புருஷனிடம் பேசினோமா, இமாமிடம் பேசினோமா என்று பார். இமாம் ஒரு வார்த்தை சொன்னால், நீ ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்குவது மிச்சம்.

சில்லறை விஷயங்கள்: வாரவிடுமுறை வெள்ளியும் சனியும்; ஞாயிறு வேலைநாள். சல்வார் கமீஸும் பெரிய துப்பட்டாவும் போதும். ஆண்களிடம் நீயாகக் கை நீட்டாதே. நெஞ்சில் கைவைத்து சலாம் சொல். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதே, குழந்தைகளை எடுக்கவே எடுக்காதே. நோன்பு மாதத்தில் கூட்டங்களைக் காலையிலேயே முடித்துக்கொள். நீ நோன்பு பிடிக்க வேண்டுமென்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். அவர்கள் எதிரே தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலிருந்தால் சரி. நோன்பு திறக்கக் கூப்பிட்டால் மறுக்காமல் போ. பியாஜு என்று ஒன்று தருவார்கள், நம் மசால்வடைக்குப் பங்காளி.

“நீ எந்த மதம்? கல்யாணம் ஆச்சா?” என்று முதல் நாளே கேட்பார்கள். நம் ஊரில் மட்டும் கேட்கமாட்டார்களா என்ன! உள்ளதைச் சொல். கோயிலுக்குப் போகிறவள் என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மழுப்பினால்தான் சந்தேகம் வரும். மத விவாதத்தில் மட்டும் இறங்காதே.

இன்னொன்று. “முஸ்லிம் நாடு” என்ற ஒரே பெட்டிக்குள் வங்காளிகளை அடைக்காதே. 1952 பிப்ரவரி 21-ல் தாய்மொழிக்காக டாக்காவில் குண்டடி பட்டுச் செத்தவர்களின் நாடு அது. தமிழச்சி நீ, அது உனக்கு விளங்காமல் போகாது.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் புயலை எதிர்பார்த்தே இரு. 1970 நவம்பர் புயல் லட்சக்கணக்கில் உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு 1972-ல் தொடங்கிய புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தில் இன்று பல்லாயிரம் உள்ளூர்த் தொண்டர்கள், ஆணும் பெண்ணுமாக, இருக்கிறார்கள். முகாமுக்குள் ரோஹிங்யாக்களே அந்தப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உன் பகுதிக்கு உரிய தொண்டர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள். புயல் அபாயம் கூடக் கூட ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி என்று ஏற்றுவார்கள். எதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர்களிடமே படி. மூன்றாவது கொடி ஏறிவிட்டால் உன் பட்டமும் பதவியும் செல்லாது, அவர்கள் சொல்கிற இடத்துக்குப் போய் உட்கார்.

உன் அத்தை