மாடியில் விழுந்த பருந்து

கேள்வி: மாஞ்சா நூல் சிக்கி எங்கள் மொட்டை மாடியில் ஒரு பருந்து விழுந்தது. கிட்டே போகவே பயம். எப்படித் தூக்குவது?

பதில்: எல்லோரும் அலகைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது கால் நகங்களுக்கு. பற்றினால் லேசில் விடாது. கனமான துண்டைத் தலையோடு போர்த்துங்கள். கண் மறைந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். (அரபு நாடுகளில் வல்லூறுக்குத் தோல் குல்லாய் மாட்டுவது இதற்குத்தான்.) துண்டுக்கு மேலாகவே இரு கால்களையும் சேர்த்துப் பிடித்து, சிறகுகளை உடம்போடு அணைத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். சிறகில் சுற்றிய நூலை இழுக்கவே கூடாது, சதையை அறுத்துவிடும். தொங்குவதை மட்டும் கத்தரியுங்கள். பாலும் சோறும் ஊட்டுகிற பாசமெல்லாம் வேண்டாம்; வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கலாம். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டிலேயே வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.