நாலு பேர் தூக்கிவிடலாம் என்று சொல்லாதீர்கள்

புதுச்சேரியில் வில்லியனூர்ப் பக்கமோ பாகூர்ப் பக்கமோ ஒரு பழைய திண்ணை வீடு. இப்போது அது அருங்காட்சியகமாகவோ விருந்தினர் விடுதியாகவோ மாறியிருக்கிறது. உங்களுக்கு அங்கே வேலை. ஒருநாள் போன் வருகிறது: "அம்மா சக்கர நாற்காலியில இருக்காங்க. உள்ள வர முடியுமாங்க?"

நம் ஊரில் சட்டென்று வாயில் வரும் பதில் இது: "தாராளமா வாங்க சார், நாலு பேர் சேர்ந்து தூக்கிடலாம்." நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனாலும் சொல்லாதீர்கள். முன்பின் தெரியாத நாலு பேர் கையில், தெருவே பார்க்க, சேலை நழுவ நழுவ உள்ளே போவதற்கு அந்த அம்மா ஆசைப்பட்டு வரவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கும்போது அது கழன்று வந்தால் இடுப்பெலும்பு முறியலாம். மின்சார நாற்காலி என்றால் எடை இன்னும் அதிகம்.

சரியான பதில் கணக்கில் இருக்கிறது. "வாசல்ல மூணு படி, ஒவ்வொண்ணும் அரை அடி. நிலைவாசல் ரெண்டேமுக்கால் அடி அகலம். முற்றத்தைச் சுத்தி வரலாம், மாடிக்குப் போக முடியாது. கழிப்பறைக்கு ஒரு படி இறங்கணும்." இவ்வளவு தெரிந்தால் வருவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

அதனால் வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை அளந்துவிடுங்கள். படிகளின் எண்ணிக்கை, உயரம், ஒவ்வொரு கதவின் அகலம், நிலைப்படி எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது, பஸ் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம், வழியில் மண்ணா தாரா, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கூடவே நாலு படம். கேட்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். இதற்கு யாரிடமும் பணம் கேட்க வேண்டியதில்லை, அனுமதியும் வேண்டாம்.

அடுத்தது சாய்தளம். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. மூன்று படி, ஒன்றரை அடி உயரம் என்றால் சாய்தளம் பதினெட்டு அடி. திண்ணை தெருவை ஒட்டியிருக்கும் வீட்டில் பதினெட்டு அடி என்பது நடுரோடு. அதற்குப் பயந்து ஆறு அடியில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் செங்குத்தில் நாற்காலி பின்னால் கவிழும். போட்டதற்குப் போடாமலே இருந்திருக்கலாம்.

அப்போது முன்வாசலை விட்டுக் கொல்லைப்புறம் போய்ப் பாருங்கள். மாட்டு வண்டியும் நெல் மூட்டையும் வந்துபோன வழி பல வீடுகளில் அங்கே இருக்கிறது. அகலம் அதிகம், படி குறைவு. ஆனால் ஒரு சங்கடம். எல்லோரும் முன்வாசலில் நுழைய, ஒருவரை மட்டும் புழக்கடை வழியாகக் கூட்டிப்போனால் அந்த அவமானம் மனதில் தங்கிவிடும். என் யோசனை இது: டிக்கெட் மேஜையை அங்கே மாற்றுங்கள். எல்லோருக்கும் அதுவே நுழைவாயில் ஆகட்டும். களமும் கிணறும் மாட்டுக்கொட்டிலும் பார்த்துவிட்டு முற்றத்துக்கு வருவது, அந்த வீடு எப்படிப் பிழைத்தது என்பதைச் சொல்லவும் நல்ல வரிசை.

சாய்தளத்தைப் பழைய கல்லோடு சிமென்ட் போட்டு ஒட்டாதீர்கள். கழற்றி எடுக்கும்படி இருக்கட்டும். வெல்டிங் பட்டறையில் இரும்புத் தகட்டில் செய்து தருவார்கள். ஆனால் அது சித்திரை வெயிலில் சுடும், ஐப்பசி மழையில் வழுக்கும். மேலே சொரசொரப்பான விரிப்பு ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு ஓரத்திலும் சக்கரம் விழாதபடி சிறு விளிம்பு, இரண்டரை அடியிலும் மூன்று அடியிலும் கைப்பிடி. புயல் எச்சரிக்கை வந்தால் உள்ளே எடுத்து வைக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுதி வையுங்கள். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறந்த மரப்பாதை, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது. பழுது பார்த்த பிறகுதான் மறுபடி பயன்பட்டது.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் கதை வேறு. பாகூர் மூலநாதர் கோயில் அப்படிப்பட்டது. அங்கே துறைக்கு எழுதாமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு மேல் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். ஆனால் தடையைக் காட்டித் தட்டிக்கழிப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி: 2001 ஜனவரியில், சக்கர நாற்காலியில் வாழ்ந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லி வந்தபோது குதுப் மினாரில் தற்காலிக மரச் சாய்தளம் போட்டார்கள். கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹாக்கிங்குக்கு முடிந்தது பாகூர்ப் பாட்டிக்கும் முடிய வேண்டும்.

செருப்பு விஷயம் சின்னதாகத் தோன்றும், புண்படுத்துவதில் பெரியது. காலுக்குத் தாங்குகருவியான கேலிப்பர் போட்டவருக்கு ஷூ அந்தக் கருவியின் ஒரு பகுதி. கழற்றினால் நிற்கவே முடியாது. "செருப்பைக் கழட்டுங்க" என்று அவரிடம் சொல்லக் கூடாது என்பதைக் காவலாளிக்கும் சொல்லி வையுங்கள். ஷூவின் அடியையும் நாற்காலிச் சக்கரத்தையும் துடைக்க வாசலில் ஓர் ஈரத்துணி போதும்.

பார்வையற்றவர் வந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்வார். தூணை, ஊஞ்சல் சங்கிலியை, ஆட்டுக்கல்லைத் தொடவிடுங்கள். "தொடாதீர்கள்" பலகை இருக்கும் பொருளுக்கு ஒரு மாதிரி செய்து வைக்கலாம். காது கேளாதவர் வந்தால் நீங்கள் வாயால் சொல்லும் கதை முழுவதும் அச்சிட்ட தாளில் இருக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக, வழியெங்கும் முதுகு சாயும் நாற்காலிகள். முட்டிவலிக்காரர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

"பழைய கட்டடம், சட்டம் நமக்குப் பொருந்தாது" என்று முதலாளி சொன்னால் வாதாடாமல் எழுதிக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் பொதுக் கட்டடமாகவே பார்க்கிறது. இருக்கும் கட்டடங்களைச் சரிசெய்யத் தந்த 5 ஆண்டு அவகாசம் 2022 ஜூனோடு முடிந்தது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005இல் தொடுத்த வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்த வேலையைப் பிழைப்பாகவே எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு: 2021இல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் வெளியிட்ட ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிகளை முழுதாகப் படியுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். இந்திய சைகை மொழியில் ஐம்பது சொல் தெரிந்தாலே மற்ற வழிகாட்டிகளிலிருந்து தனியே தெரிவீர்கள்.

வீட்டைத் தயார் செய்தபின், உங்கள் கொம்யூனிலேயே சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் அழையுங்கள். ஓசியில் அல்ல, ஒரு நாள் சம்பளம் பேசி. அவர்கள் முன்னால் போகட்டும், நீங்கள் நோட்டோடு பின்னால் போங்கள். எங்கே நின்றார்கள், எங்கே திரும்ப முடியவில்லை, எந்தக் கதவில் கை உரசியது என்று குறியுங்கள். நடுவில் விளக்கம் சொல்ல வேண்டாம். மாலையில் நோட்டை அவர்களிடமே படித்துக் காட்டி, எதை முதலில் மாற்றலாம் என்று கேளுங்கள்.