அருவி ஸ்டேஜில் அவசரப்படாதே

திருவொற்றியூர்

அன்புள்ள மருமகனுக்கு,

ராத்திரி இரண்டு மணிவரை போனும் கையுமாக இருக்கிறாயாம். உங்கம்மா என்னிடம் வந்து புகார் சொல்கிறாள். அவள் தம்பியின் லட்சணம் அவளுக்குத் தெரியாததா!

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது தொண்ணூறுகளில், ராயபுரத்தில் மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு டிவி கேம் ஆடவிட்ட ஒரு கடையில். பெட்டி பர்மா பஜார் சரக்கு. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பிழைக்க 1969-இல் பீச் ஸ்டேஷன் பக்கம் உருவான அந்தக் கடைவரிசைதான் எங்களுக்கு ஜப்பானைக் காட்டியது. நின்டெண்டோ 1983-இல் விற்கத் தொடங்கிய ஃபேமிகாமின் நகல் அந்தப் பெட்டி. கேசட் மேல் லட்சக்கணக்கில் கேம் என்று அச்சடித்திருப்பான். போட்டுப் பார்த்தால் அதே மரியோவும் காண்ட்ராவும் வேறு வேறு பெயரில் வரும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதுவோம். அந்த ஊதலில் எங்களுக்கு இருந்த நம்பிக்கை சாமி மேல்கூட இருந்ததில்லை.

என்னைக் கட்டிப்போட்டது காண்ட்ராதான். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். மூன்றாவது ஸ்டேஜில் அருவி. பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். ஒருத்தன் அவசரப்பட்டு ஏறினால் திரையும் அவனோடு மேலே போய்விடும். கீழே நிற்பவன் செத்தான். "டேய், இருடா, நானும் வரேன்!" என்று கடையே அலறும். லைஃப் தீர்ந்தவன் கூட்டாளியின் லைஃபை எடுத்து ஆடலாம். அதற்கு நடந்த சண்டைகள் தனிக்கதை. எட்டு ஸ்டேஜ் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. பின்னால் நிற்பவனுக்கு இடம் விட்டு எழுந்தாக வேண்டும்.

உன் போனில் இருக்கும் ஆட்டம் முடியவே முடியாது. நீ எழுந்து போகக்கூடாது என்பதற்காகவே செய்தது. காசு கட்டி ஆடுவது அதைவிட மோசம். அதை நான் விளையாட்டு என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன். 2025-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த விதிகளின்படி 18 வயது ஆகாதவர்கள் அதை ஆடக்கூடாது என்றிருந்தது. மற்றவர்களும் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையக்கூடாது என்றிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தையே தடைசெய்தது. இ-ஸ்போர்ட்ஸை மட்டும் அதே சட்டம் விளையாட்டாக ஏற்றது.

இ-ஸ்போர்ட்ஸில் பெரிய ஆளாவேன் என்கிறாயாம். ஆகு, யார் வேண்டாம் என்றது? நம்ம புதுவண்ணாரப்பேட்டை காசிமா கேரம் ஆடியே 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். ஆட்டோ ஓட்டுநர் மகள். வெறும் ஆசையில் வந்ததல்ல அது. பயிற்சி மையம், சொல்லிக்கொடுக்க அப்பா, எதிரே உட்கார ஆள் எல்லாம் இருந்தது. போர்வைக்குள் தனியாக ஆடுகிற உனக்கு நீ செய்யும் தப்பை யார் சொல்வார்கள்?

காசு கேட்கிற ஆப் எதுவும் இருந்தால் இதைப் படித்த கையோடு அழித்துவிடு. பத்தரை மணிக்குப் போனை அம்மாவிடம் கொடு. ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வா, நானும் ஆடுகிறேன்.

அன்புடன்,
மாமா