அம்மாவின் வலது கண்

கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவுக்கு ஒரு வருடமாகத் திட்டு விழுந்துகொண்டிருந்தது. கூடையைக் கொட்டி, முத்தல் இலைகளைப் பொறுக்கி எடுத்து, "இதப் பாரும்மா, இது கொழுந்தா?" என்று கணக்குப்பிள்ளை கேட்பார். கிலோ வெட்டுவார். அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. பேர் வெட்டி ஓய்வாகி ஏழு வருடமானாலும் கைக்காசுக்கு மலைக்குப் போகிறாள். வயசாகிவிட்டது, கை முன்னைப் போல ஓடவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கார்த்திகைத் தீபத்தன்று அகலுக்கு வெளியே எண்ணெய் ஊற்றினாள். அப்போதுதான் டோர்ச் அடித்து அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். வலது கண்ணின் பாப்பா வெந்த மீனின் கண் போல வெளுத்திருந்தது.

கண்புரை. பதுளையில் கிளினிக் காட்டி, தேதி வாங்கி, முதல் தடவை செய்யாமலே திரும்பி வந்து, இரண்டாம் தடவை சத்திர சிகிச்சை முடிந்து இப்போது மூன்று மாதம் ஆகிறது. காலையில் போனால் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடும் சிகிச்சை இது. கத்தி வேலை அரை மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்கு முன்னும் பின்னும் வீட்டார் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. எல்ல, தெமோதரை, நமுனுகுலப் பக்கத்து லயங்களில் கண் வெளுத்துப்போய் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பயம். "ஏம் புள்ள, கண்ணத் தோண்டி வெளிய எடுத்து, கழுவித்தானே திருப்பி வைப்பாங்க?" என்று அம்மா கேட்டாள். இந்தக் கதை எல்லா லயத்திலும் உண்டு. கண்ணை யாரும் வெளியே எடுப்பதில்லை. கருவிழி ஓரத்தில் சில மில்லிமீற்றர் அளவுக்கு ஒரு வெட்டு. அதன் வழியாக மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் லென்ஸ் ஒன்றை உள்ளே வைக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானிகளின் கண்ணுக்குள் போன பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைக் கெடுக்காமல் அப்படியே கிடந்ததைக் கவனித்துத்தான் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற டொக்டர் 1949இல் முதல் லென்ஸை வைத்தார். பிறகு வெகுகாலம் அதன் விலை ஏழைக்கு எட்டவில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992இல் ஆரோலேப் தொடங்கிச் சொந்தமாக லென்ஸ் செய்யப் புறப்பட்ட பிறகே விலை இறங்கியது. இதைச் சொன்னபோது அம்மா, "மதுரையிலயா? எங்க தாத்தா ஊருப் பக்கமில்லியா அது!" என்றாள். அந்த ஒரு சொல்லில் பாதிப் பயம் போனது.

மீதிப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2023 ஏப்ரலில் நுவரெலியாவில் கண்புரைச் சிகிச்சை செய்துகொண்ட சிலருக்குப் பார்வை கெட்டது. பக்கத்துக் காம்பரா அக்கா அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மறைக்கவில்லை. பிறகு போட்ட சொட்டு மருந்து ஒன்றுதான் அப்போது பிரச்சினை ஆனது என்பதையும், அதனால் சிகிச்சைக்குப் பிறகு வரும் நாட்களில் கண்ணை எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதையும் அம்மாவிடம் சொன்னேன். பெரியவர்களுக்குப் பாதி சொல்லி அழைத்துப் போவதை விட முழுதாகச் சொல்லி அழைத்துப் போவது நல்லது.

இனி முதல் தேதியில் நடந்தது. "வெறும் வயிற்றோடு வாங்க" என்று கிளினிக்கில் சொன்னார்கள். நான் வீட்டில் வந்து "வாயில ஒண்ணும் வைக்காதம்மா" என்றேன். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டு பிரஷர் குளிசையையும் போடவில்லை. முதல் நாள் இரவு பயத்தில் தூக்கமும் இல்லை. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தபோது 190க்கு 110. மிஸ்ஸி இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிரஷர் அவ்வளவு இருக்கும்போது கண்ணுக்குள் இரத்தம் கசியும் ஆபத்து உண்டு, செய்ய மாட்டார்கள். ஆறு கிழமை கழித்து மறுதேதி. என் ஒரு நாள் சம்பளமும் ஆட்டோக் காசும் போனதைவிட, அம்மா வழி நெடுக ஒரு வார்த்தை பேசாமல் வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே போடுகிற குளிசை ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக்கொண்டு போய், "அன்று காலை இதைப் போடலாமா, விடவா?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். பிரஷர் குளிசையை வழக்கமாக ஒரு வாய்த் தண்ணீரோடு போடச் சொல்வார்கள். சீனி வருத்தக் குளிசையும் ஊசியும் வேறு கணக்கு. சாப்பிடாமல் அவற்றை எடுத்தால் சீனி இறங்கி மயக்கம் வரலாம். இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆண்களில் மூத்திரக் கஷ்டத்துக்கு டாம்சுலோசின் போடுகிறவர்கள் அதை மறைக்கவே கூடாது. கண்ணுக்கும் அதற்கும் என்ன என்று வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அந்த மருந்து கண்மணியைத் தளர வைக்கும், டொக்டர் முன்கூட்டியே தெரிந்து ஆயத்தமாக இருக்க வேண்டும்.

சாப்பாடு பற்றியும் தெளிவாகக் கேளுங்கள். முழு மயக்கம் கொடுக்கும் சத்திர சிகிச்சை என்றால் பொதுவாக ஆறு மணித்தியாலத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்த வேண்டும், தண்ணீர் இரண்டு மணித்தியாலத்துக்கு முன் வரை குடிக்கலாம். தேயிலைக்குள் பிறந்து வளர்ந்த நமக்குத் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் வராது. ஆனால் பால் விட்ட தேத்தண்ணி வயிற்றுக்குள் சாப்பாடு மாதிரி. வெறும் சாயத்தண்ணிக்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு. கண்ணை மட்டும் மரக்கச் செய்யும் சிகிச்சைக்கு இடத்துக்கு இடம் வழக்கம் மாறும். என்ன சொன்னார்கள் என்பதை அங்கேயே கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது மூக்குத்தி. நகை ஒன்றும் இருக்கக் கூடாது என்றார்கள். அம்மா பதின்மூன்று வயதில் குத்திய மூக்குத்தி, ஒரு நாளும் கழற்றாதது. திருகு அழுக்கேறி இறுகிவிட்டது. சவர்க்காரம், தேங்காயெண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்து மூக்கு வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் முதல் நாள் பண்டாரவளைக்குக் கூட்டிப் போய் ஒரு பத்தரிடம் கழற்றினோம். அவர் மெல்லிய குறடால் பிடித்து, ஊதி ஊதி, பத்து நிமிடத்தில் எடுத்தார். வீட்டில் மூக்குத்தி போட்ட பெரியவர் இருந்தால் ஒரு கிழமைக்கு முன்பே இதைப் பாருங்கள். வெற்றிலையையும் முதல் நாள் பின்னேரமே நிறுத்தச் சொன்னேன். புகையிலைச் சாறு தொண்டையில் இறங்கி இருமல் வந்தால் மேசையில் ஆபத்து. தலைக்கு முதல் நாளே குளிக்க வைத்தேன். பிறகு சில கிழமைக்குத் தலையில் தண்ணீர் படக் கூடாது. அன்று காலை எண்ணெய், பொட்டு, திருநீறு எதுவும் இல்லை. அடையாள அட்டையில் ஒரு பெயர், கிளினிக் கொப்பியில் இன்னொரு எழுத்து என்று இருப்பது நம் ஆட்களுக்குச் சகஜம். இரண்டையும் கொண்டு போங்கள்.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியானது. ஆனாலும் சத்திர சிகிச்சை அறைக்குள் அம்மாவோடு நான் போக முடியாது, உள்ளே பேசப்போவது சிங்களம். அம்மாவுக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம்தான். அதனால் மூன்று சொற்களை அடுப்படியில் வைத்துப் பழக்கினேன். "உட பலன்ன" என்றால் மேலே பார். "பஹல பலன்ன" என்றால் கீழே பார். "ஹெல்லென்ன எபா" என்றால் அசையாதே. நான் சொல்லச் சொல்ல அவள் ரொட்டி தட்டிக்கொண்டே கண்ணை உருட்டுவாள். அந்த மூன்று சொல்லும் அன்று கேட்டன என்று பிறகு சொன்னாள்.

இருட்டோடு புறப்பட்டோம். ரயில் நேரத்தை நம்பவில்லை, ஆட்டோவில் ஹாலிஎல வழியாகப் போனோம். ஐப்பசி முதல் தை வரை நம் பக்கம் மழை. மண் சரியும் பாதை வழியாக வருகிறவர்கள் முடிந்தால் முதல் நாளே பதுளையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். போய்ச் சேர்ந்தால் காத்திருப்புதான் அதிகம். பாப்பா விரியச் சொட்டு மருந்து, கால் மணித்தியாலம் கழித்து இன்னொரு சொட்டு, அப்படி நாலைந்து தடவை. எரியும், வெளிச்சம் கூசும். துணைக்குப் போகிறவர் ஒரு போர்வையும், முடிந்த பிறகு சாப்பிட ஏதாவதும், பொறுமையும் கொண்டு போக வேண்டும்.

உள்ளே நடந்ததை அம்மா சொன்னபடி தருகிறேன். கண்ணுக்குக் கீழே ஓர் ஊசி, கட்டெறும்பு கடித்த மாதிரி. பிறகு கண் மரத்துப்போனது. குளிர்ந்த மருந்துத் தண்ணீரால் முகத்தைக் கழுவினார்கள். முகத்தின் மேல் துணி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை. துணிக்குள் மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு நிமிடம் பயம், பக்கத்தில் குழாயிலிருந்து காற்று வந்ததும் சரியானது. மேலே பெரிய வெளிச்சம். "பீலித் தண்ணிக்கு அடியில இருந்து சூரியனப் பாக்கிற மாதிரி, கலர் கலரா ஓடிச்சு புள்ள." வலி இல்லை, அழுத்தம் தெரிந்தது. இருமல் வந்தால் இருமிவிடாமல் முதலில் கையை லேசாக உயர்த்தி, அவர்கள் கருவியை எடுத்த பிறகு இரும வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. மலையகத்து வாழ்க்கை முழுக்க அந்தக் கண்ணுக்கு எதிராகவே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. விறகடுப்புப் புகை. பீலியில் தலைக்குக் குளிப்பது. குனிந்து வாசல் பெருக்குவது. எல்லாவற்றிலும் மோசம் கொழுந்துக் கூடை. கயிறு நெற்றியின் மேல் தொங்க, பாரம் முழுவதும் தலையில் இறங்கும். சில கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். நாங்கள் தூக்கும் பாரம் எது என்று டொக்டருக்கு நாம்தான் விளக்க வேண்டும். நான் கையால் நெற்றியில் கயிறு காட்டியதும் அவர் புரிந்துகொண்டு, ஆறு கிழமை கூடாது என்றார். அந்த ஆறு கிழமைக்கான செலவை முன்பே சேர்த்து வைத்துக்கொண்டு தேதி வாங்குங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் கிழமையே அவர்கள் மலைக்கு ஏறிவிடுவார்கள்.

சொட்டு மருந்து இரண்டு குப்பி, இரண்டும் ஒரே மாதிரி. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, பகலில் நான் பிள்ளைக்காம்பராவில் வேலையில் இருப்பேன். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூலும் மற்றதில் வெள்ளை நூலும் கட்டினேன். சிவப்பு போட்டு ஐந்து நிமிடம் கழித்து வெள்ளை. போட்டதும் சுவரில் கரியால் ஒரு கோடு. பக்கத்துக் காம்பராப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து, கையைச் சவர்க்காரத்தால் கழுவி, குப்பி நுனி கண்ணில் படாமல் போட்டுவிடும். இரவில் கண்ணுக்கு மேல் மூடி, தூக்கத்தில் கை போகாமல் இருக்க.

முதல் சில நாட்களில் மண் விழுந்த மாதிரி உறுத்தலும் கண்ணீரும் இருக்கும், நாளுக்கு நாள் குறையும். குறையாமல் வலி கூடினால், சிவப்பு ஏறினால், தெளிந்த பார்வை திரும்ப மங்கினால், அடுத்த கிளினிக் வரை காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள். இரவானாலும் 1990க்கு அழைத்தால் அம்பியுலன்ஸ் வரும், காசு இல்லை.

சத்திர சிகிச்சைக்கு மறுநாள் காலை கட்டுப் பிரித்தபோது அம்மா முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, மிஸ்ஸியின் உடுப்பை. "இவ்வளவு வெள்ளையா?" என்றாள். பழைய வில்லை மஞ்சளித்து, வருடக்கணக்காக எல்லாவற்றையும் பழுப்பாகக் காட்டியிருக்கிறது.

ஏழாம் கிழமை மலைக்குப் போனாள். கணக்குப்பிள்ளை கூடையைக் கொட்டி, கொழுந்துக்குள் கையை விட்டு இரண்டு தடவை அளைந்தார். ஒன்றும் பேசாமல் நிறுத்து எழுதிக்கொண்டார். இடது கண்ணுக்குத் தேதி தந்திருக்கிறார்கள். மூக்குத்தி இன்னும் கடுகு டப்பாவில் இருக்கிறது. அந்தக் கண்ணும் முடிந்த பிறகு போட்டுக்கொள்கிறேன் என்கிறாள்.